நிறுத்துவதென்றால் கடைக்கால் தோண்டும் முன்பே

பெண்ணாடத்துக்காரர்களுக்குச் சிமெண்ட் தூரத்துப் பொருள் இல்லை. ஆற்றைத் தாண்டினால் தளவாயில் ஆலை இருக்கிறது, அரியலூர் வரை சுண்ணாம்புக்கல் பூமி. ஆனாலும் லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடுகளை இந்தப் பக்கமும் பார்க்கிறோம். கரும்புப் பணம் வரட்டும், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பட்டும், விலை இறங்கட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். காத்திருப்பதற்கு எவ்வளவு செலவாகும் என்பது, எந்தக் கட்டத்தில் காத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் விலை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியோடு 320 ரூபாய்க்கு விற்ற மூட்டை என்றால் 25 ரூபாய் குறைய வேண்டும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை பிடிக்கும். ஆக, மிச்சம் பத்தாயிரம் ரூபாய். அதே ஆண்டு ஏப்ரலில் கனிம நில வரி வந்து ஜல்லியும் எம்-சாண்டும் விலை ஏறின. கொத்தனார், சித்தாள் கூலி ஒருமுறை ஏறினால் இறங்குவதே இல்லை. சிமெண்ட் விலையை மட்டும் பார்த்துக் காத்திருப்பது சரியான கணக்கு அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு 20 லட்சம் ஆகும், செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள்: ஓராண்டில் 1,20,000 ரூபாய் கூடும். முழுப் பணமும் கையில் இருந்து, வங்கியில் 6.5 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் 1,30,000 வரும். அவருக்கு நஷ்டமில்லை, நிதானமாகவே தொடங்கலாம். கையில் 8 லட்சம் மட்டும் இருப்பவருக்கு வட்டி 52,000தான். அவர் மாதம் 5,700 ரூபாய் புதிதாகச் சேமித்தால்தான் இருந்த இடத்திலேயே நிற்க முடியும். வாடகை வீட்டில் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். காத்திருக்கக் காத்திருக்க வீடு எட்டிப்போவது இவருக்குத்தான். இவர் பெரிய வரைபடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பதைவிட, சிறிய வீடாகக் கட்டி முடிப்பதே மேல்.

எல்லாவற்றிலும் மோசமானது பாதியில் நிறுத்துவது. வங்கி, வேலை நடக்க நடக்கத்தான் பணம் விடும். வேலை நின்றால் அடுத்த தவணை வராது, வாங்கிய பணத்துக்கு வட்டி மட்டும் ஓடும். 10 லட்சம் வாங்கியிருந்து வட்டி 8.5 சதவீதம் என்றால், அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் ஆண்டுக்கு 85,000 போகும். வருமான வரியிலும் ஒரு கெடு உண்டு. பழைய வரிமுறையில், குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு கிடைக்கும். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வீட்டை முடிக்காவிட்டால் அது 30,000 ஆகச் சுருங்கிவிடும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டுபவர்களுக்கும் இதே நெருக்கடிதான்: 3.5 லட்சம் வேலையின் கட்டத்தைப் பார்த்தே தவணையாக வரும். ஜல்லி விலை ஏறியது என்பதற்காக அந்தத் தொகை ஏறாது.

பொருளும் சும்மா இருக்காது. அடுக்கி வைத்த சிமெண்ட் மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஐப்பசி, கார்த்திகை மழையில் துருவேறும். நிறுத்தியே தீர வேண்டும் என்றால் கூரைத் தளம் போட்டபின் நிறுத்துங்கள், வெளியே நிற்கும் கம்பிக்குச் சிமெண்ட் பால் பூசுங்கள், மிச்ச மூட்டைகளை விற்றுவிடுங்கள். பூச்சும் தரையும் பிறகு ஆகலாம்.

பழைய வீட்டில் தளம் ஒழுகினால் மட்டும் ஒரு மழைக்காலம்கூடத் தள்ள வேண்டாம். துருப்பிடித்த கம்பி பருத்து, காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மேலே தட்டோடு பதித்து முடிய வேண்டிய வேலை, கம்பி தெரியத் தொடங்கிவிட்டால் தளத்தையே இடித்துப் போடும் வேலையாகிவிடும்.