பார்வை மங்கும் முன்னே

கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் எம்முடன் வாழும் தந்தையாருக்குக் கிளகோமா. இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தால் காக்கலாம் என்றார் மருத்துவர். ஊர் வீட்டை விற்றுவிடுவதென்று யாமே கூடி முடிவு செய்தோம்.

"கண்தானே மங்குகிறது? வாய் இருக்கிறதே! என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றார். நாணித் தலைகுனிந்தோம்.

அன்று மாலையே அவர் சொல்லச் சொல்ல எழுதினோம்: யாருடன் வாழ்வது, மருந்து விடுவது யார், பாங்குக் கணக்கைக் கவனிப்பது யார், வீட்டை என்ன செய்வது. உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிட்டார். வீடு விற்கப்படவில்லை.

சொத்தைப் பிள்ளைகளுக்குத் தானமாக எழுதும் பெரியோர், பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்தில் சேர்த்தல் நலம். பிள்ளைகள் தவறினால், 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி தீர்ப்பாயம் அப்பத்திரத்தைச் செல்லாததாக்க இயலும்.

அன்பர்களே, பெற்றோர் தாமே படித்துக் கையொப்பமிடும் காலத்திலேயே அவர்தம் விருப்பத்தைக் கேட்டறிவீர்களாக!