அலுமாரியில் உறங்கும் அமானிதங்கள்

2018ஆம் ஆண்டு எங்கள் உம்மா வபாத்தானார்கள். சில வாரங்கள் கழித்து, ராத்தாவும் நானும் உம்மாவின் அலுமாரியைத் திறந்தோம். பூச்சி உருண்டையின் நெடி முகத்தில் அடித்தது. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை சாரிகள். எண்ணிப் பார்த்தோம், 37 இருந்தன. அவற்றுள் 11 சாரிகள் கடைப் பையிலிருந்து வெளியே எடுக்கப்படவே இல்லை.

நாங்கள் அறிய உம்மா மாறி மாறி உடுத்தது நான்கு நூல் சாரிகளைத்தான். ஒவ்வொரு பெருநாளைக்கும் ராத்தா ஒன்று வாங்கிக் கொடுப்பார். தங்கச்சி கட்டாரிலிருந்து அனுப்புவாள். நானும் என் பங்குக்கு வாங்கிக் கொடுப்பேன். "உடுங்களேன் உம்மா" என்று சொன்னால், "நல்ல நாளைக்கு உடுப்பம் மகன்" என்பார்கள். அந்த நல்ல நாள் வரவே இல்லை.

ராத்தா ஒரு பட்டுச் சாரியை எடுத்து விரித்தார். மடிப்பு விழுந்த இடங்களிலெல்லாம் கத்தியால் கீறியது போல் கிழிந்திருந்தது. இன்னொன்றில் சரிகை கறுத்துப் போயிருந்தது. ராத்தா அழத் தொடங்கினார். நானும் அழுதேன். அந்தச் சாரிகளை உம்மாவும் உடுக்கவில்லை. உடுக்க வழியற்ற ஒரு பெண்ணும் உடுக்கவில்லை. அவற்றை அலுமாரிதான் உடுத்திக்கொண்டிருந்தது.

பெண்களின் அலுமாரியைப் பற்றி ஒரு மௌலவிக்கு என்ன பேச்சு என்று சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி, "முதல்ல உங்கட ஜுப்பாக்கள எண்ணிட்டு எழுதுங்க" என்றார். எண்ணினேன். 14 இருந்தன. நான் அணிவது ஐந்தைத்தான். ஆகவே இங்கு சொல்வதெல்லாம் எனக்கும் சேர்த்துத்தான்.

அவை யாருக்குச் சொந்தம்?

உம்மாவின் சாரிகளை அன்றே அள்ளிக் கொடுத்துவிடலாம் என்றுதான் ராத்தா நினைத்தார். பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. மையித்து வீட்டுக்கு வந்தவர்கள் கையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஆனால் ஒருவர் மௌத்தான பின் அவர் விட்டுச்சென்ற உடுப்புகளும் அனந்தரச் சொத்தே. வீடு, காணி, நகை போன்று அவற்றிலும் வாரிசுகள் அனைவருக்கும் உரிமை உண்டு. வயது வந்த வாரிசுகள் எல்லோரும் மனமொப்பினால்தான் அவற்றை ஸதகா செய்யலாம். வாரிசுகளில் சிறு பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய பங்கைத் தானமாகக் கொடுக்கப் பெரியவர்களுக்கு உரிமை இல்லை.

கட்டாரில் இருந்த தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தோம். அவள் சம்மதித்தாள். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டாள்: "உம்மா உசிரோட இருக்கக்குள்ள உம்மாட கையாலயே குடுத்திருந்தா எவ்வளவு நல்லம் நாநா?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு சாரியை மனமுவந்து கொடுக்க யாருடைய சம்மதமும் தேவையில்லை. அதன் நன்மை கொடுத்தவருக்கே. நாளைக்கு என்று ஒதுக்கி வைத்தால், அந்த நாளை நம்முடையதாக இல்லாமலும் போகலாம்.

அலுமாரி ஏன் நிரம்புகிறது?

யாரும் வீண்விரயம் செய்ய வேண்டும் என்று நினைத்து உடுப்பு வாங்குவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. "மெலிந்தால் உடுக்கலாம்" என்று ஒன்று. "இது மாமி தந்தது, எப்படிக் கொடுப்பது?" என்று ஒன்று. "மலிவாகக் கிடைத்தது" என்று மூன்று. மலிவு என்று வாங்கி ஒரு நாளும் உடுக்காத உடுப்பு உண்மையில் மலிவானதல்ல. அதற்குக் கொடுத்த பணம் முழுவதும் நட்டமே.

எல்லாவற்றிலும் பெரிய காரணம் கல்யாண வீடு. முன்பெல்லாம் ஒரு நல்ல சாரியைப் பத்துக் கல்யாணங்களுக்கு உடுப்பார்கள். இன்று வலீமா முடியுமுன்பே கைத்தொலைபேசிகளில் படங்கள் ஊர் முழுக்கப் போய்விடுகின்றன. "இதைத்தான் போன கல்யாணத்துக்கும் உடுத்தா" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் நம் சகோதரிகளைப் பிடித்து ஆட்டுகிறது. மச்சிமார் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், வசதி குறைந்த மச்சி தவணைக்கு வாங்குகிறாள். வெளிநாட்டில் வெயிலில் நிற்கும் கணவரின் உழைப்பு ஒரு மாலைப்பொழுதுக்காகச் செலவாகி, மறுநாள் அலுமாரிக்குள் போய்விடுகிறது. இன்னொருவருடைய ஒரு சொல்லுக்குப் பயந்து செய்யும் செலவு இது. உடுத்ததையே மறுபடி உடுத்துவர ஒரு சகோதரி துணிந்தால், அவளைப் பார்த்து ஒன்பது சகோதரிகள் நிம்மதியடைவார்கள்.

எத்தனை போதும்?

அழகாக உடுப்பது குற்றமல்ல. அல்-அஃராஃப் சூராவின் 31ஆம் வசனம் தொழுமிடங்களில் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுமாறே பணிக்கிறது. விரயம் செய்ய வேண்டாம் என்று எச்சரிப்பதும் அதே வசனம்தான். நாம் உடுக்கும் உடுப்புக்கு ஸகாத்தும் கடமையில்லை. எனவே இத்தனைதான் வைத்திருக்கலாம் என்று எவரும் எண்ணிக்கை விதிக்க முடியாது. ஆனால் தேவையை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் படுக்கைகளைப் பற்றி ஒரு ஹதீஸ் வருகிறது. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று என்று கணக்கிட்டு, நான்காவதை ஷைத்தானுக்குரியதாக அது குறிப்பிடுகிறது. தேவைக்கு மிஞ்சியதைப் பற்றிய எச்சரிக்கை என்றே அறிஞர்கள் இதை விளக்குவர்.

மேல்நாட்டவரும் இப்போது இந்த வழிக்கு வந்திருக்கிறார்கள். லண்டனில் உடுப்புக்கடை நடத்திய சூசி ஃபோக்ஸ் என்ற பெண்மணி, ஒன்றோடொன்று பொருந்தும் சில நல்ல உடுப்புகளே போதும் என்ற முறையை 1970களில் பரப்பினார். 1985இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் டொனா கரன் ஏழே ஏழு உடுப்புகளை மாற்றி மாற்றிச் சேர்த்து அணியும் தொகுதி ஒன்றை அறிமுகப்படுத்தினார். இதனைக் 'கப்ஸ்யூல் வார்ட்ரோப்' என்கிறார்கள். எங்கள் மூத்தம்மாமார் அந்தப் பெயரை அறியாமலேயே ஒரு தகரப் பெட்டிக்குள் அதை வைத்திருந்தார்கள்.

நம் வீட்டுக்கு எத்தனை போதும் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவுகிறீர்கள்? மழைக்காலத்தில் காய எத்தனை நாள் எடுக்கும்? இரண்டையும் கூட்டி, அவசரத்துக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கழுவி, மாரியில் காய மூன்று நாள் பிடிக்குமானால், வீட்டு உடுப்பு ஆறு சோடி போதும். கைக்குழந்தை இருக்கும் தாய்மாருக்கு இன்னும் இரண்டு தேவைப்படும்.

வெளியே போக மூன்று ஹபாயாக்கள்: இரண்டு அன்றாடத்துக்கு, ஒன்று விசேடத்துக்கு. ஐந்து ஷோல்கள். இங்கேதான் நிறத்தைக் கவனிக்க வேண்டும். கறுப்பு, கருநீலம், மண்ணிறம் போன்ற அடங்கிய நிறங்களில் ஹபாயா இருந்தால் எந்த ஷோலும் பொருந்தும். மூன்று ஹபாயாவும் ஐந்து ஷோலும் 15 விதமாகச் சேரும். ஒன்றோடு மட்டும் பொருந்தி மற்ற எதனோடும் பொருந்தாத ஷோலை வாங்காதீர்கள். சாரி உடுத்துப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியைகளுக்கு ஐந்தாறு சாரி வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு விசேடங்களுக்கு மூன்று போதும். தொழுகை உடுப்பு இரண்டு. பெருநாளைக்கு உள்ளதில் சிறந்ததை உடுப்பதே விரும்பத்தக்கது. கடையிலிருந்து புதிதாக வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

இது சட்டமல்ல, ஓர் அளவுகோல். உங்கள் தொழிலுக்கும் ஊருக்கும் ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

துப்புரவு செய்யும் முறை

முழு அலுமாரியையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். பகல் சமைக்கும் நேரம் வந்துவிடும், களைத்துப்போய் எல்லாவற்றையும் மறுபடி உள்ளே திணிப்பீர்கள். ஒரு நாளைக்கு ஒரு தட்டு அல்லது ஒரு லாச்சி போதும்.

கட்டிலில் ஒரு துப்பட்டியை விரித்து நான்கு குவியல்கள் போடுங்கள். உடுப்பவை ஒன்று. பொத்தான், தையல் போன்ற சிறு திருத்தம் வேண்டியவை ஒன்று. கொடுப்பவை ஒன்று. பிடிதுணிக்கும் துடைப்பதற்கும் உரியவை ஒன்று. திருத்தம் வேண்டியவற்றை இரண்டு வாரத்துக்குள் தைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை தைக்கப்படப் போவதில்லை.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். போன நோன்புப் பெருநாளிலிருந்து இந்த நோன்புப் பெருநாளுக்குள் ஒரு தடவையேனும் உடுத்தேனா? இன்று என் உடம்புக்கு அளவாக இருக்கிறதா? இப்போது கடையில் கண்டால் மறுபடியும் வாங்குவேனா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது இன்னொருவருடைய உடுப்பு. உங்கள் அலுமாரியில் தங்கியிருக்கிறது.

நினைவுக்கென்று சிலவற்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை. நிகாஹ் சாரியைக் கொடுத்துவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் வைப்பதைப் பேணி வையுங்கள். பட்டை பொலித்தீன் பையில் இடாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பொலித்தீனுக்குள் ஈரம் தங்கும், பூஞ்சணம் பிடிக்கும். சில மாதங்களுக்கு ஒரு தடவை நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தால் அந்த மடிப்பிலேயே பட்டு அறுந்துவிடும். உம்மாவின் சாரிகளுக்கு நேர்ந்தது அதுதான்.

கொடுப்பதற்கும் ஓர் ஒழுங்கு

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அடித்தபோது நான் அரபுக் கல்லூரி மாணவன். மாணவர்கள் சிலர் கிழக்கு மாகாணத்துக்குச் சென்று, நிவாரணமாக வந்த உடுப்புகளைத் தரம் பிரித்தோம். மூட்டைகளை அவிழ்த்தால், குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகள், கிழிந்த காற்சட்டைகள், சட்டையில்லாத சாரிகள், சாரியில்லாத சட்டைகள், கழுவாத உடுப்புகள். பாதிக்கு மேல் ஒதுக்கிப் போட்டோம். மருதமுனையைச் சேர்ந்த ஒரு தாய் வந்து ஒரு சாரியைத் தூக்கிப் பார்த்தார். கைத்தறிச் சாரிக்கும் சாறனுக்கும் பேர்போன ஊர் அது. நெய்து பழகிய அந்தக் கை துணியைத் தடவியது. பிறகு மெதுவாகக் கீழே வைத்தது. "தம்பி, தொழுறத்துக்கு ஒரு நல்ல துணி இருக்கா?" என்றுதான் கேட்டார். அந்த மூட்டைகளில் எனக்கு ஒன்று கூடக் கிடைக்கவில்லை.

அல்-பகரா சூராவின் 267ஆம் வசனம் இதைத்தான் பேசுகிறது. நமக்கு யாராவது தந்தால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்க மாட்டோமே, அத்தகைய மட்டமானதைத் தர்மத்துக்கென்று தேடாதீர்கள் என்பது அதன் கருத்து. அலுமாரியை வெறுமையாக்குவது வேறு, ஸதகா செய்வது வேறு. நமக்கு வேண்டாத குப்பையை இன்னொருவர் வீட்டுக்கு மாற்றுவதை ஸதகா என்று சொல்ல முடியுமா?

ஆகவே கொடுக்குமுன் கழுவி, அயன் பண்ணி, பொத்தான் தைத்துக் கொடுங்கள். சாரியோடு அதன் சட்டையையும், சல்வாரோடு அதன் ஷோலையும் சேர்த்து மடியுங்கள். பாவித்த உள்ளாடைகளைக் கொடுக்காதீர்கள். தேவைப்படுபவருக்குப் புதிதாக வாங்கிக் கொடுங்கள். "உங்களுக்குப் பிரயோசனப்படுமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கும் உண்டு. படம் எடுக்காதீர்கள். கல்யாணத்தில் அதே சாரியோடு அவரைக் கண்டால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

குழந்தை உடுப்புகளில் விசேட கவனம் வேண்டும். பூச்சி உருண்டையோடு கிடந்த துணியை அப்படியே சிசுவுக்குச் சுற்றக் கூடாது. இரத்தத்தில் ஒருவகை நொதியக் குறைபாட்டோடு பிறக்கும் சிசுக்களுக்கு, அந்த நெடி ஏறிய துணியால் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சட்காமாலை வரலாம். குழந்தைத் துணியோடு அந்த உருண்டையை வைக்காதிருப்பதே நல்லது. ஏற்கனவே வைத்திருந்தால் நன்றாகக் கழுவி, பல நாள் வெளியில் காற்றாடவிட்டு, நெடி முற்றாகப் போன பின்பே பாவிக்க வேண்டும்.

உம்மாவின் 37 சாரிகளில் 26 உடுக்கக்கூடியனவாக இருந்தன. மூன்று பேரும் நினைவுக்கு ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டோம். மிகுதி 23 சாரிகளும் 23 வீடுகளுக்குப் போயின. ராத்தா தன் பங்கை அலுமாரியில் வைக்கவில்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அதை உடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என்ன விசேடம் என்று கேட்டேன்.

"இன்டைக்கும் நல்ல நாள்தானே தம்பி" என்றார்.

சகோதரிகளே, இன்று அஸர் தொழுத பின் ஒரேயொரு தட்டைத் திறந்து பாருங்கள். உடுக்கக் கூடியதை இன்றே உடுங்கள். கொடுக்கக் கூடியதை உங்கள் கையாலேயே கொடுங்கள். நம்மிடம் இருப்பதெல்லாம் அமானிதம். அதை உரிய இடத்தில் சேர்க்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.