ஓடுபவனைக் காப்பது யார்?

காவலர் தேர்வை எதிர்நோக்கி, நாகமலை புதுக்கோட்டையில் பொழுது புலரும் முன்பே இளைஞர்கள் ஓடத் தொடங்குகிறார்கள். ஒருவனுக்கு முழங்கால் பிசகினால், "தைலம் தேய்த்துவிட்டு ஓடு" என்று சொல்லும் பயிற்சியாளர்களும் உண்டு. அவர்கள் என்ன கற்றவர்கள் என்று நாம் கேட்பதில்லை, சட்டமும் கேட்பதில்லை.

காயத்துக்குச் சிகிச்சையளிக்கும் இயன்முறை மருத்துவரை, துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கல்வித் தகுதி, பதிவு ஆகிய வரம்புகளுக்குள் கொண்டுவந்துவிட்டது. காயம் நேரும் இடத்தில் நிற்கும் தனியார் பயிற்சியாளருக்கோ, உடற்பயிற்சிக் கூடப் பயிற்றுநருக்கோ அத்தகைய கட்டாய உரிமம் இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் 'அத்லெட்டிக் டிரெய்னர்' உரிமமின்றிப் பணியாற்ற இயலாது.

தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்லதை விரட்டிவிடும் என்று 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகெர்லாஃப். உரிமம் என்பது தொழிலில் இருப்போர் தமக்கே போட்டுக்கொள்ளும் வேலியாகிவிடும் என்று 1962-இல் எச்சரித்தார் மில்டன் ஃபிரீட்மன். இரண்டையும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பட்டத்தைக் கட்டாயமாக்கினால், அனுபவமுள்ள எளிய பயிற்சியாளர் வெளியேற்றப்படுவார். பயிற்சிக் கட்டணமும் உயரும்.

எனவே, முதலுதவி, உயிர்காப்புப் பயிற்சிச் சான்று, காயமுற்றவரை உடனே மருத்துவரிடம் அனுப்பும் கடமை, மாவட்ட அளவில் எளிய பதிவு ஆகியவையே தொடக்கத்துக்குப் போதும். ஓடும் இளைஞனின் கால்கள்தாம் அவன் குடும்பத்தின் மூலதனம். அதைக் காக்க இந்த அளவு ஒழுங்குமுறை மிகையன்று.