சிறு குளக்கட்டும் அதன் அபாய வகுப்பும்

மண்ணாற் கட்டப்பட்ட குளக்கட்டு உயரத்திற் சிறிதாயின், அதனால் விளையும் தீங்கும் சிறிதே எனக் கமக்காரர் பலர் எண்ணுவர். இவ்வெண்ணம் தவறானது. கட்டொன்றின் அபாய வகுப்பைத் தீர்மானிக்கும்போது, அது உடையின் கீழேயுள்ளோருக்கு யாது நேரும் என்பதே முதன்மையாக நோக்கப்படும்.

எமது நாட்டில் 80 ஹெக்டேயர், அஃதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் வரையான வயலுக்கு நீர் பாய்ச்சுவன சிறு குளங்கள் எனப்படும். இவற்றைப் பேணுவதிற் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துடன் கமக்காரர் அமைப்புகளுக்கும் பங்குண்டு.

மூன்று வகுப்புகள்

பல நாடுகளில் அணைகள் பின்வருமாறு வகுக்கப்படுகின்றன:

1. குறைந்த அபாயம்: கட்டு உடையின் உயிர்ச்சேதம் நேராது. வெள்ளம் பற்றைக்காட்டிலும் தரிசு நிலத்திலும் பரவி அடங்கும்.

2. நடுத்தர அபாயம்: உயிர்ச்சேதம் எதிர்பார்க்கப்படுவதில்லை. எனினும் தெரு, பாலம், பயிர்நிலம் முதலியன பெருஞ் சேதமடையும்.

3. மிகுந்த அபாயம்: கீழே குடிமனை, பாடசாலை முதலியன இருத்தலால் மனித உயிர் இழக்கப்படக்கூடும்.

வகுப்பு வேறு, கட்டின் நிலை வேறு. உறுதியான கட்டும் கீழே ஊர் இருப்பின் மூன்றாம் வகுப்பையே சாரும். முன்னர் காடாயிருந்த இடத்திற் புதிதாக வீடுகள் எழுந்தால், கட்டில் யாதொரு மாற்றமும் இன்றியே அதன் வகுப்பு உயரும். மேலும், எமது சிறு குளங்கள் பல ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடராக அமைந்தவை. மேற்குளம் உடையின் அந் நீரைத் தாங்காது கீழ்க்குளமும் உடையலாம். ஆதலின் தொடர் முழுவதையும் நோக்கியே வகுப்பை அறிதல் வேண்டும்.

கட்டு உடையும் விதம்

மண்கட்டு பெரும்பாலும் இரு வழிகளில் உடையும். ஒன்று, வெள்ளம் கட்டின்மேலாகப் பாய்ந்து மண்ணை அரித்தல். 1957 மார்கழி வெள்ளத்தில் வரண்ட வலயக் குளங்கள் பல உடைந்தன. மற்றையது, கட்டினுள்ளே நீர் கசிந்து மண்ணைச் சிறிது சிறிதாகக் கொண்டு செல்லல். இதற்குப் பெருமழை வேண்டியதில்லை. 1986 சித்திரையிற் கந்தளாய்க் குளக்கட்டு மக்கள் உறங்கும் வேளையில் உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது பெருங்குளமாயினும், அது தரும் பாடம் சிறு குளத்திற்கும் உரியதே.

கமக்காரர் செய்யவேண்டியவை

காலபோக மழைக்கு முன்னரும், குளம் நிரம்பியிருக்கும் காலத்தில் அடிக்கடியும், கட்டின் மேலும் அதன் அடிவாரத்திலும் நடந்து பார்த்தல் வேண்டும்.

1. கட்டின் மேற்பகுதியில் தாழ்ந்த இடங்களை நிரப்புக. மண்ணை 6 அங்குலப் படைகளாக இட்டு, நனைத்து, நன்கு இடித்து இறுக்குக.

2. எலி வளைகளையும் கறையான் புற்றுகளையும் அடிவரை தோண்டி, அவ்வாறே நிரப்புக.

3. கட்டில் மரக்கன்று வளர விடற்க, புல்லே நன்று. முதிர்ந்த மரத்தை ஆலோசனையின்றித் தறிக்கவும் வேண்டாம். அதன் வேர் உக்கியபின் அவ்வழியே நீர் புகும்.

4. கூடுதலாக நீர் தேக்கும் நோக்குடன் வானை மண்மூடையாலோ பலகையாலோ உயர்த்தற்க. இதனாற் பெறும் நீர் சிறிது; வெள்ளம் கட்டின்மேலாகப் பாய்ந்தால் குளம் முழுவதும் இழக்கப்படும்.

5. கசியும் நீரின் நிறத்தைக் கவனிக்க. நீர் தெளிவாயிருப்பின் நாள்தோறும் அதன் அளவைப் பார்த்து வருக. கலங்கலாயின் கட்டின் மண் வெளியேறுகின்றது என அறிக. உடனே துருசைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைத்து, கீழேயுள்ளோரை அகற்றுக. கசிவின் வாயைக் களியால் அடைத்தல் தவறு. அடைத்த நீர் வேறு வழி தேடும். அணுகுதல் ஆபத்தற்றதாயின், அதன்மேற் பருமணலும் அதற்கு மேற் சரளைக்கல்லும் பரப்புக. நீர் வெளியேறும்; மண் தங்கும்.

உங்கள் குளத்தின் கீழே வாழும் குடும்பங்களைக் கணக்கிட்டு, அமைப்பின் கூட்டத்தில் அவ்விபரத்தைப் பதிந்து, கமநல சேவை நிலையத்திற்கு அறிவியுங்கள். குளத்தின் நீரால் வயல் விளையும். அந் நீரைத் தாங்கும் கட்டையும் வயலைப் போலவே நாள்தோறும் கவனித்தல் எம் கடனாகும்.