உழுத காட்டுக்குப் பட்டா எப்போது?

கல்யாணில் கசாரா லோக்கல் ஏறினால் டிட்வாலா தாண்டிச் சற்று நேரத்தில் வாஷிந்த் வந்துவிடும். 2023 மார்ச்சில் நாசிக் மாவட்டம் திண்டோரியிலிருந்து மும்பையை நோக்கி நடந்துவந்த ஆயிரக்கணக்கான விவசாயிகள் இங்கேதான் தங்கிப் போராடினார்கள். வெங்காய விலை பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அதைவிடப் பழைய கோரிக்கை ஒன்று உண்டு: தலைமுறைகளாக உழுதுவரும் வனநிலம் தங்கள் பெயருக்கு வர வேண்டும். 2018-ல் மும்பை ஆசாத் மைதானம்வரை நடந்தபோதும் அதையே கேட்டார்கள்.

வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வனநிலத்தை உழுதுவரும் பழங்குடிக் குடும்பம் 4 ஹெக்டேர்வரை, அதாவது சுமார் 10 ஏக்கர்வரை, உரிமை கோரலாம். மணமானவர்களுக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சான்று. பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. கல்யாண்–முர்பாட் சாலையில் வயல்கள் மனைகளாகும் வேகத்தைப் பார்ப்பவர்களுக்கு, இந்தத் தடை எவ்வளவு அவசியம் என்று தெரியும்.

மனு கிராம சபையில் தொடங்கும். குறைந்தது இரண்டு ஆதாரம் வேண்டும். ஆக்கிரமிப்பு என்று வனத்துறை அன்றைக்குப் போட்ட அபராத ரசீது, இன்று அங்கே உழுததற்குச் சாட்சியாகிறது! அதுவும் இல்லாதவர்கள் குடிசை, வரப்பு, கிணறு, முன்னோரைப் புதைத்த இடம் என்று காட்டலாம். ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினாலும் செல்லும். எழுத்தே இல்லாமல் வாழ்ந்தவர்களிடம் எழுத்து கேட்கக் கூடாது என்ற நியாயம் இந்த விதியில் இருக்கிறது.

அந்த நியாயம் மேலே உள்ள குழுக்களுக்குப் போகும்போது தேய்கிறது. பல ஏக்கர் உழுதவருக்கு ஒரு துண்டு நிலத்துக்கு மட்டும் சான்று வந்ததாக நடந்தவர்கள் முறையிட்டார்கள். சான்று வந்தாலும் 'சாத்-பாரா'வில் பெயர் ஏற வேண்டும். நம் ஊர்ச் சிட்டாவும் அடங்கலும் ஒரே தாளில் சேர்ந்ததுதான் அது. அதில் பெயர் இல்லாதவருக்குப் பயிர்க்கடன் கிடைப்பது கடினம்.

மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 2019 பிப்ரவரி 13 அன்று, மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தள்ளுபடிகள் முறைப்படி நடந்தனவா என்ற கேள்வி எழவே, இரு வாரத்தில் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.