நிறம் போனா நஞ்சும் போயிடுமா?

இளம்பிள்ளைன்னு சொன்னதுமே நமக்கு ஞாபகம் வர்றது சேலைதான். சேலம் பக்கத்துல இருக்கிற இந்த ஊர்லயும் சுத்துப்பட்டு கிராமங்கள்லயும் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. சேலை இருந்தா சாயம் இருக்கும், சாயம் இருந்தா கழிவுநீரும் இருக்கும். அந்தக் கழிவுநீரைச் சுத்தம் செய்யிற வேலையில பெரும்பங்கு பாக்டீரியாக்களோடது. ஆனா ஒரே அளவு நஞ்சு ஒரு தொட்டியில அதுங்களைக் கொல்லுது, இன்னொரு தொட்டியில ஒன்னும் செய்யலை. ஏன்?

முதல்ல அம்மோனியாவைப் பார்ப்போம். ஊர்ச் சாக்கடையில இது எப்பவும் உண்டு. நீரில் இது இரண்டு வடிவத்தில் இருக்கும்: மின்னூட்டம் உள்ள அம்மோனியம், மின்னூட்டம் இல்லாத அம்மோனியா. அம்மோனியம் செல்லின் சவ்வைச் சுலபமா தாண்டாது, அம்மோனியா தாண்டிடும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருந்தா, 100 பங்கில் 1 பங்குகூட அம்மோனியாவா இருக்காது. பி.எச். 9 ஆனா சுமார் 36 பங்கு! வெயில் ஏற ஏற இன்னும் கூடும். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது சலவை சோடா சேர்ப்பாங்க; அந்த நீரின் பி.எச். 10-ஐத் தாண்டும். அது சாக்கடையோடு கலந்தா, அதுவரைக்கும் சும்மா இருந்த அம்மோனியா நஞ்சா மாறுது.

சரி, ஆசிட் ஊத்தி பி.எச்.-ஐக் குறைச்சிடலாமே? அங்கதான் அடுத்த சிக்கல். சாயம் நூல்ல ஏற கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட், போடுவாங்க. காத்துப் படாத அடிச் சேற்றில் சில பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டை சல்பைடாக மாத்திடும். பி.எச். குறையக் குறைய அது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவா ஆகும். அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அதேதான். அம்மோனியாவுக்கு நேர் எதிர்! இது நுண்ணுயிர்களுக்கு மட்டுமில்ல, தொட்டிக்குள்ள இறங்குற ஆளுக்கும் உயிராபத்து. செறிவு கூடினா மூக்கு மரத்துப்போயிடும், நாத்தமே தெரியாது.

மூணாவது, ஆக்சிஜன். நெசவுச் சாயங்களில் பெரும்பகுதி அசோ வகை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் அதன் நைட்ரஜன் பிணைப்பை உடைச்சிடும், நிறம் மறையும். ஆனா உடைஞ்சதில் கிடைப்பது அரோமேட்டிக் அமீன்கள். அதில் பல, மூலச் சாயத்தைவிட நஞ்சு கூடியவை. அதைச் சிதைக்கப் பெரும்பாலும் ஆக்சிஜன் வேணும். அதனால முதல்ல காத்து இல்லாத தொட்டி, அப்புறம் காத்து அடிக்கிற தொட்டி, இந்த வரிசைதான் சரி. முதல் கட்டத்தோட நிறுத்தினா, தெளிஞ்ச தண்ணியைப் பார்த்து ஏமாந்துடுவோம். சூடான நீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம், 35 டிகிரியில் சுமார் 7. ஆனா அந்தச் சூட்டில் பாக்டீரியாக்களுக்குத் தேவையோ கூடுதல்.

கடைசியா உப்பு. உப்பு கொஞ்சம் கொஞ்சமா ஏறினா பாக்டீரியாக்கள் பழகிக்கும். ஒரே நாள்ல திடீர்னு ஏறினா செல்லில் இருந்து நீர் வெளியேறி, பல செத்துப்போகும். அதனாலதான் கழிவுநீரை முதல்ல ஒரு சேகரிப்புத் தொட்டியில கலந்து, சமன்படுத்தி, ஆறவெச்சு அனுப்பச் சொல்றாங்க.

தமிழ்நாட்டில் வெளியேற்றும் நீரின் பி.எச். 5.5-லிருந்து 9-க்குள், கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்குள் இருக்கணும்னு வரம்பு உண்டு. அது அவசியம். ஆனா எவ்வளவு நஞ்சு இருக்குன்னு மட்டும் கேட்டா போதாது. எந்தத் தண்ணியில, எந்தச் சூட்டில, எதோடு சேர்ந்து இருக்குன்னும் கேட்கணும். அடுத்த தடவை ஓடையில தண்ணி தெளிவா ஓடுதுன்னு யாராவது சொன்னா, அந்தக் கேள்வியைக் கேளுங்க.