காசு போட்டால் விழிக்கும் பெட்டி

"இந்தப் பெட்டிக்குள்ளே என்னதான் இருக்கிறது?" என்று கேட்கிற பிள்ளையா நீ? சபாஷ்! அப்படியானால் என் பக்கத்தில் வந்து உட்கார். இன்றைக்கு நாம் ஒரு பெரிய பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறோம்.

ஆள் உயர மரப் பெட்டி. முகம் இருக்கும் உயரத்தில் டிவி மாதிரி ஒரு திரை. அதற்குக் கீழே பிடித்து ஆட்ட ஒரு குச்சி, அழுத்தச் சில பொத்தான்கள். இன்னும் கீழே காசு போட ஒரு துவாரம். இதற்கு ஆர்கேட் கேபினெட் என்று பெயர். கையில் செல்போன் இல்லாத காலம் அது. 1970களிலும் 80களிலும் அமெரிக்கப் பிள்ளைகளும் ஜப்பான் பிள்ளைகளும் விளையாட்டுக் கூடங்களில் இதன் முன்னால் காத்து நிற்பார்கள்.

அந்தப் பெட்டிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. நிறையப் பெட்டிகள் குப்பைக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பவற்றைத் தேடிப் பிடித்து, தூசி தட்டி, பழுது பார்த்து, மறுபடி ஓட வைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்ப்போமா?

முதலில் ஒரு உண்மைக் கதை. 1972ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அட்டாரி என்ற சின்ன நிறுவனம் 'பாங்' என்ற விளையாட்டைச் செய்தது. திரையில் ஒரு பந்து, இரண்டு மட்டைகள், அவ்வளவுதான். சோதனைக்காக சன்னிவேல் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில் பெட்டியை வைத்தார்கள். கொஞ்ச நாளில், "உங்கள் பெட்டி கெட்டுப்போச்சு" என்று சொல்லி அனுப்பினார் கடைக்காரர். அதைச் செய்த பொறியாளர் ஆலன் அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். உள்ளே எதுவும் கெடவில்லை. காசு விழுகிற டப்பா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது! புதுக் காசு உள்ளே போக இடமில்லை.

பழைய பெட்டியைப் பழுது பார்ப்பவர்கள் இந்தக் கதையை மறப்பதே இல்லை. எளிய காரணத்தை முதலில் பார். மின்சாரம் வருகிறதா? ஃபியூஸ் போயிருக்கிறதா? ஒயர் கழன்றிருக்கிறதா? இதெல்லாம் சரி என்ற பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும்.

அடுத்து பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் மின்சாரம் அமெரிக்காவில் 120 வோல்ட். உள்ளே இருக்கும் சின்னச் சிப்புகளுக்கு அது ரொம்ப அதிகம். அவற்றுக்கு 5 வோல்ட் போதும். அப்படிக் குறைத்துக் கொடுப்பதுதான் பவர் சப்ளையின் வேலை. 4.75க்குக் கீழே இறங்கினால் சிப்புகள் தடுமாறும். திரையில் படத்துக்குப் பதிலாகக் கண்டபடி கட்டங்களும் எழுத்துகளும் தெரியும். பார்ப்பவர் "சிப் செத்துப்போச்சு" என்பார். விவரம் தெரிந்தவர் மல்டிமீட்டர் என்ற அளக்கும் கருவியை வைத்து வோல்ட்டை அளந்துவிட்டுத்தான் பேசுவார்.

வோல்ட் ஏன் குறைகிறது? பெரும்பாலும் கெப்பாசிட்டரால்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உன் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? தெருக்குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும். ஆனால் தொட்டி இருப்பதால் சமையலறைக் குழாயில் சீராக வரும். கெப்பாசிட்டர் மின்சாரத்துக்கு அப்படி ஒரு தொட்டி. மேலும் கீழும் துள்ளி வரும் மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, சீராக வெளியே விடும். பழைய கெப்பாசிட்டர்களுக்குள் ஒரு திரவம் உண்டு. பல வருடங்களில் அது உலர்ந்துபோகும், சில சமயம் கசியும். அப்போது தொட்டி சுருங்கிவிடும். மின்சாரம் மறுபடி துள்ள ஆரம்பிக்கும். திரையில் படம் நெளியும், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். பழுது பார்ப்பவர்கள் பழைய கெப்பாசிட்டர்களைக் கழற்றிவிட்டு, ஈயம் உருக்கிப் புதியவற்றைப் பற்றவைப்பார்கள். பெட்டியின் பாதி நோய் இதிலேயே தீர்ந்துவிடும்.

புரிகிறதா? புரியவில்லை என்றால் அந்தப் பத்தியை இன்னொரு தடவை படி. அவசரமே இல்லை.

மீதி நோயில் பெரும்பங்கு அழுக்கு. சிப்புகள் பதித்த பலகையான சர்க்யூட் போர்டின் ஓரத்தில் செப்புப் பட்டைகள் இருக்கும். அவை இன்னொரு இணைப்பானுக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். வருடக்கணக்கில் காற்றும் ஈரமும் பட்டு அந்தப் பட்டைகள் கறுத்துப்போகும். கறுத்த இடத்தில் மின்சாரம் சரியாகப் பாயாது. அதற்கு மருந்து என்ன தெரியுமா? உன் பென்சில் டப்பாவில் இருக்கிற அழிப்பான்! மெதுவாகத் தேய்த்தால் செம்பு பளிச்சென்று வந்துவிடும்.

காசுத் துவாரம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அதற்கு எப்படி நல்ல காசு, போலிக் காசு தெரிகிறது? உள்ளே ஒரு காந்தம் இருக்கிறது. இரும்பு வில்லையைப் போட்டால் காந்தம் அப்படியே பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் 25 சென்ட் காசு செம்பும் நிக்கலும் கலந்தது, காந்தத்தில் ஒட்டாது. ஆனாலும் காந்தத்தைத் தாண்டி ஓடும்போது அதன் வேகம் குறைகிறது! ஓடுகிற உலோகத்துக்குள் காந்தம் சின்னச் சின்ன மின்சுழல்களை உண்டாக்கும். அந்தச் சுழல்கள் காசைப் பின்னுக்கு இழுக்கும். சரியான உலோகமாக இருந்தால் சரியான அளவுக்கு வேகம் குறைந்து, சரியான வழியில் விழும். வேறு உலோகம் வேறு வேகத்தில் போய் வேறு வழியில் விழுந்து வெளியே வந்துவிடும். கணினி இல்லை, கேமரா இல்லை. ஒரு காந்தமும் ஒரு சரிவும் போதும்!

இப்போது நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன், கவனமாகக் கேள். அந்தத் திரை இன்றைய தட்டை டிவி மாதிரி கிடையாது. கனமான கண்ணாடிக் குழாய். அதன் பின்பக்கத்திலிருந்து எலக்ட்ரான்கள் பாய்ந்து வந்து, முன்பக்கக் கண்ணாடியில் பூசிய பாஸ்பர் என்ற பொருளில் மோதும். மோதும் இடம் ஒளிரும். அப்படிப் பாய வைக்க ஏறக்குறைய 20,000 வோல்ட் வேண்டும். அந்தக் கண்ணாடிக் குழாயே ஒரு பெரிய கெப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தொட்டால் தூக்கி அடிக்கும். தெரிந்த பெரியவர்கள் முதலில் அந்த மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் கை வைப்பார்கள். பழைய டியூப் டிவியை நீ ஒருநாளும் திறக்கக் கூடாது, சரியா?

அந்தப் பாஸ்பரிடம் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரே படத்தை வருடக்கணக்கில் காட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடம் தேய்ந்துபோகும். 1980இல் வந்த 'பேக்மேன்' விளையாட்டில் எப்போதும் ஒரே சந்துபொந்துப் பாதைதான். அதனால் பல பழைய பேக்மேன் பெட்டிகளில், திரையை அணைத்த பிறகும் அந்தப் பாதை நிழலாகத் தெரியும்.

சரி, பெட்டிக்குள் இருந்த விளையாட்டே பிடிக்காமல் போனால்? பெட்டியைத் தூக்கிப்போட வேண்டுமா?

நின்டெண்டோ என்ற ஜப்பான் நிறுவனத்துக்கு இந்தச் சிக்கல் வந்தது. 'ரேடார் ஸ்கோப்' என்ற விளையாட்டுக்காக ஏறக்குறைய 3000 பெட்டிகளை அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். அவை போய்ச் சேர மாதக்கணக்கானது. அதற்குள் மக்களுக்கு ஆர்வம் போய்விட்டது. 2000 பெட்டிகள் விற்காமல் கிடங்கில் தேங்கின. அதே பெட்டிக்குள் பொருந்துகிற மாதிரி புதிதாக ஒன்றைச் செய் என்று ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் சொன்னார்கள். அவர் செய்ததுதான் 1981இல் வந்த 'டாங்கி காங்'. ஜப்பானிலிருந்து புதுச் சிப்புகளும் புதுப் படத் தாள்களும் வந்தன. அமெரிக்கக் கிளையின் தலைவர் மினோரு அரக்காவாவும், அவர் மனைவி யோகோவும், சில ஊழியர்களும் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகக் கையாலேயே மாற்றினார்கள். அதில் ஏணி ஏறித் தாவிய குட்டி மனிதனை உனக்குத் தெரியும். பிற்பாடு அவனுக்கு மரியோ என்று பெயர் வந்தது!

இந்த மாற்று வேலையால் ஒரு நிறுவனமே பிழைத்தது. ஆனால் இன்று ரேடார் ஸ்கோப் பெட்டி கிடைப்பது மிக அரிது. இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்.

பிற்பாடு இப்படி மாற்றுவது எளிதாகிவிட்டது. 1985இல் ஜப்பான் நிறுவனங்கள் கூடி, எல்லாப் போர்டுகளுக்கும் ஒரே மாதிரி 56 முனை இணைப்பு என்று முடிவு செய்தன. அதற்கு ஜாமா என்று பெயர். அதன் பிறகு பழைய போர்டை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது.

இப்போது சிலர் பெட்டிக்குள் ஒரு சின்னக் கணினியை வைத்துவிடுகிறார்கள். 1997இல் இத்தாலிக்காரர் நிக்கோலா சால்மோரியா வெளியிட்ட 'மேம்' என்ற மென்பொருள் பழைய பெட்டிகளின் சிப்புகளைப் போலவே நடிக்கும். நடிப்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது, கேள்.

1978இல் தோமோஹிரோ நிஷிக்காடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் 55 எதிரிகள் வரிசையாக வருவார்கள். அதன் சிப் மெதுவானது. ஒரு நொடியில் 60 தடவை படம் மாறும். ஒரு தடவைக்கு ஒரே ஓர் எதிரியைத்தான் அது நகர்த்தும். 55 பேரும் ஓர் அடி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? கணக்குப் போடு பார்ப்போம். ஏறக்குறைய ஒரு நொடி! எதிரிகளைச் சுட்டுச் சுட்டுப் பத்துப் பேராகக் குறைத்துவிட்டால்? அவர்கள் முறை சீக்கிரம் சீக்கிரம் வரும், வேகமாக ஓடுவார்கள். ஒரே ஆள் மிஞ்சினால் பறப்பான். சிப்பின் மெதுத்தன்மையே விளையாட்டுக்குச் சுவை ஆகிவிட்டது. புதுக் கணினி தன் இஷ்டத்துக்கு ஓடினால் அந்தச் சுவை கெட்டுவிடும். அதனால் மேம் பழைய சிப்பின் நடையை அளந்து, அதே நடையில் நடக்கிறது.

அப்படியானால் எல்லாப் பெட்டியிலும் கணினியை வைத்துவிடலாமா? கூடாது என்பேன் நான். பழைய போர்டு பிழைக்கும் என்றால் அதைப் பிழைக்க வைப்பதுதான் முறை. உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறும் மரக்கூடாகக் கிடைக்கிற பெட்டிக்குக் கணினி வைக்கலாம். அதிலும் புதுத் துளை போடாமல், நாளைக்கு வேறொருவர் பழைய போர்டைக் கொண்டுவந்தால் பொருத்த முடிகிற மாதிரி வைக்க வேண்டும்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் கெட்டுப்போன ஒயர் மவுஸ் இருந்தால், கணினியிலிருந்து கழற்றிவிட்டு, பெரியவர் ஒருவரோடு சேர்ந்து அதன் திருகாணியைத் திற. பொத்தானுக்குக் கீழே ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டி இருக்கும். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும். அதற்கு மைக்ரோ சுவிட்ச் என்று பெயர். பல ஆர்கேட் பெட்டிகளின் குச்சிக்குக் கீழே இதன் பெரிய அண்ணன்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். மேலே, கீழே, இடம், வலம் என்று திசைக்கு ஒருவர். குச்சியைச் சாய்க்கும்போது யார் அழுத்தப்படுகிறார் என்று நீயே படம் வரைந்து பார்.